கூட்டுத்தொகை 100.00 என்று வந்தால் அளவீடு சரியா? எக்ஸ் கதிர் நுண்பகுப்பாய்வு பற்றிய விவாத இழை

பிப்ரவரி 3, முற்பகல். வாசகர் கேள்வி

முறிந்துபோன எஃகு உறுப்பு ஒன்றின் முறிவு முகத்தில், ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு துகளைக் கண்டேன். ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 20 கிலோவோல்ட்டில் கற்றையைத் துகளின் நடுவே நிறுத்தி, துகளிலிருந்து எழும் எக்ஸ் கதிர்களை ஆற்றல்வாரியாக எண்ணும் ஆற்றல்பிரி உணரியால் 60 விநாடி அளந்தேன். மென்பொருள் தந்த எடைச் சதவீதங்கள்: இரும்பு 61.42, ஆக்சிஜன் 18.07, அலுமினியம் 11.36, சிலிக்கான் 5.20, கார்பன் 3.95. கூட்டினால் மிகச் சரியாக 100.00 வருகிறது. ஆகவே இது இரும்பும் அலுமினியமும் கலந்த ஆக்சைடு என்று அறிக்கையில் எழுதிவிடலாமா?

பிப்ரவரி 3, இரவு

எழுத வேண்டாம். அந்த 100.00 அளவீட்டிலிருந்து வந்த எண் அன்று. கணக்கு முடிந்தபின் எல்லா மதிப்புகளையும் ஒரே விகிதத்தில் பெருக்கி மென்பொருளே உருவாக்கியது. பட்டியலில் ஒரு தனிமம் விடுபட்டிருந்தாலும், இல்லாத ஒன்று சேர்ந்திருந்தாலும், துகள் பாதி நிழலில் கிடந்திருந்தாலும் கூட்டுத்தொகை 100.00 என்றே வரும். எந்தத் தவறு நேர்ந்தாலும் மாறாத ஒரு எண், தவறு நேரவில்லை என்பதற்குச் சாட்சியாக முடியாது.

இப்படிப் பெருக்கிச் சமப்படுத்துவதற்கு முந்தைய கூட்டுத்தொகை என்ன, கற்றை மின்னோட்டம் எவ்வளவு, தூய பொருளோடு ஒப்பிட்டு அளந்தீர்களா அல்லது தரநிலை மாதிரி (கலவை முன்பே தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) எதுவும் இல்லாமலா என்ற மூன்றையும் தெரிவியுங்கள். அட்டவணையை விட்டுவிட்டு, எந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் விழுந்தன என்று காட்டும் நிறமாலைப் படத்தையும் காட்டுங்கள்.

பிப்ரவரி 4

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், குரோமியம் கலந்த தாங்கி எஃகின் முறிவு முகத்தில் நீண்டு மெலிந்த ஒரு துகளை அளந்தபோது, 2.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே உயர்ந்த முகடு ஒன்று எழுந்தது. மென்பொருள் அதன்மேல் மாலிப்டினம் என்று பெயர் எழுதியது. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த மசகுப் பொருள்கள் பரவலாகப் பயன்படுவதால், மசகின் எச்சம் விரிசலுக்குள் புகுந்திருக்கிறது என்று எண்ணி, அப்படியே அறிக்கையும் எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து வேறு எதற்காகவோ அதே நிறமாலைக் கோப்பைத் திறந்தபோது, 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருந்த முகடு கண்ணை உறுத்தியது. மென்பொருள் அதைக் குரோமியத்தின் கே-பீட்டா (ஒரு தனிமத்தின் முதன்மை வரியான கே-ஆல்ஃபாவோடு சேர்ந்தே எழும் சிறு வரி) என்று ஏற்கெனவே கணக்கில் சேர்த்துவிட்டிருந்தது. குரோமியத்தின் கே-பீட்டா 5.95, மாங்கனீசின் கே-ஆல்ஃபா 5.90 என இரண்டும் நெருங்கி நிற்பவை என்பதால் பெயரளவில் அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு தனிமத்தின் கே-பீட்டா அதன் கே-ஆல்ஃபாவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு உயரமே இருக்க வேண்டும். அந்த நிறமாலையிலோ 5.9-இல் இருந்த முகடு, 5.41-இல் இருந்த குரோமியத்தின் கே-ஆல்ஃபாவை விட உயரமாக நின்றது. பிள்ளை தாயைவிட மூத்ததாக இருக்க முடியாது. அது மாங்கனீசு. அப்படியானால் 2.3-இல் இருப்பது கந்தகம். எஃகுக்குள்ளேயே வார்ப்பின்போது உருவாகி உருட்டும்போது நீண்டுபோன மாங்கனீசு சல்பைடு இன்குளூஷன்தான் (எஃகில் சிக்கிய உலோகமல்லாத துகள்) அது.

கந்தகத்தின் கே-ஆல்ஃபா 2.307, மாலிப்டினத்தின் எல்-ஆல்ஃபா 2.293 (கே, எல், எம் என்பவை கதிர் பிறக்கும் எலக்ட்ரான் கூடுகளின் பெயர்கள்). இடைவெளி 14 எலக்ட்ரான் வோல்ட். இன்றைய நல்ல சிலிக்கான் உணரியின் பிரிதிறன், மாங்கனீசின் கே-ஆல்ஃபா இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 130 எலக்ட்ரான் வோல்ட், 2.3 அருகே அதைவிடச் சற்றுக் கூர்மை உண்டு என்றாலும், இந்த இரண்டையும் கண்ணால் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு இல்லை. பின்னர், கதிர்களை அலைநீளத்தால் மிக நுண்மையாகப் பிரிக்கும் அலைநீளப்பிரி நிறமாலைமானியில், பெண்டாஎரித்ரிட்டால் படிகத்தை வைத்து அளந்தபோது கந்தகத்தின் வரி மட்டுமே எழுந்தது. மாலிப்டினத்தின் இடம் வெறுமையாகக் கிடந்தது. அறிக்கையைத் திரும்பப் பெற்று, மசகின்மேல் சுமத்தியிருந்த பழியை நீக்கி, எஃகின் தூய்மையைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாளில் யாரோ மசகை மாற்ற முடிவெடுத்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் அமைதியடைவதில்லை.

அலைநீளப்பிரி கருவி இல்லாதவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. மாலிப்டினத்தின் கே வரியை எழுப்ப 20.0 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும். ஆகையால் 20 கிலோவோல்ட்டில் அது எழவே எழாது. 30-க்கு உயர்த்தி அளந்தால், மாலிப்டினம் இருக்கும்போது 17.48-இல் முகடு தெரியும், இல்லாதபோது தெரியாது.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

இதேபோல் சிக்கல் தரும் இணைகள் வேறு எவை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் மேசையில் அடிக்கடி வருபவற்றை மட்டும் சொல்கிறேன். டைட்டானியத்தின் கே-ஆல்ஃபாவும் பேரியத்தின் எல்-ஆல்ஃபாவும் 4.5 அருகே ஒன்றின்மேல் ஒன்று அமரும். வனேடியத்தின் கே-ஆல்ஃபா டைட்டானியத்தின் கே-பீட்டாவோடும், கோபால்ட்டின் கே-ஆல்ஃபா இரும்பின் கே-பீட்டாவோடும் நெருங்கி நிற்கும். டங்ஸ்டனின் எம் வரி 1.77-இல் இருப்பதால் சிலிக்கானின் 1.74-ஐ மறைத்துவிடும். துத்தநாகத்தின் எல் வரி சோடியத்தை இருப்பதுபோல் காட்டும். ஈயத்தின் எம் வரி 2.34-இல் விழுவதால், நான் மேலே சொன்ன கந்தகம், மாலிப்டினம் சண்டையில் மூன்றாவது ஆளாக அதுவும் நிற்கிறது.

மாதிரிக்குத் தங்கப் பூச்சு இட்டிருந்தால், தங்கத்தின் எம் வரி 2.12-இல் எழுந்து, பாஸ்பரஸ் முதல் கந்தகம் வரையிலான பகுதி முழுவதையும் குழப்பிவிடும். பகுப்பாய்வுக்குக் கார்பன் பூச்சே நல்லது.

பிப்ரவரி 6

கேள்வி கேட்டவர் விவரம் தந்திருக்கிறார். தரநிலை மாதிரி எதுவும் இல்லை, மின்னோட்டத்தை அளக்கவில்லை. அப்படியானால் 3-ஆம் தேதி நான் கேட்ட முதல் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். மின்னோட்டம் தெரியாமல், தரநிலையும் இல்லாமல் செய்யும் கணக்கில், சமப்படுத்துவதற்கு முந்தைய கூட்டுத்தொகை என்று காட்டப்படும் எண்ணுக்குப் பொருளே இல்லை. தரநிலை மாதிரியை அதே மின்னோட்டத்தில், அதே கோணத்தில் அளந்திருக்கும்போதுதான் கூட்டுத்தொகை 93 என்றோ 104 என்றோ வந்து நம்மை எச்சரிக்கும்.

இந்த முறையின் அடிப்படை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் இது தெளிவாகும். ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய எக்ஸ் கதிரின் அதிர்வெண், அணு எண்ணோடு ஒழுங்காக உயர்கிறது என்பதை மோஸ்லி 1913-இல் காட்டினார்; எந்தத் தனிமம் என்ற கேள்விக்கு அது விடை தந்தது. எவ்வளவு என்ற கேள்விக்கு வழி வகுத்தவர் ரேமோன் காஸ்டெய்ன். கினியேயின் வழிகாட்டலில் பாரிசில் 1951-இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், மாதிரியிலிருந்து வரும் வரியின் செறிவைத் தூய தனிமத்திலிருந்து அதே நிலையில் வரும் செறிவால் வகுக்க வேண்டும் என்றார். வகுத்தால் உணரியின் திறன், சாளரத்தின் தடிப்பு, கோணம் ஆகிய அறிய முடியாதவை எல்லாம் மேலும் கீழும் அடிபட்டுப் போகின்றன. அந்த விகிதமே முதல் தோராயத்தில் அந்தத் தனிமத்தின் எடைப் பங்கு. தரநிலையை விட்டுவிட்டால், அடிபட்டுப் போயிருக்க வேண்டிய அத்தனையையும் கணித்தாக வேண்டும். ஒவ்வொரு கணிப்பும் தன் பிழையைக் கொண்டு வரும்.

தோராயத்துக்குமேல் திருத்தம் வேண்டும். துருப்பிடிக்காத எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். நிக்கலின் கே-ஆல்ஃபா 7.47, இரும்பின் கே விளிம்பான (கே வரியை எழுப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 7.11-ஐத் தாண்டி நிற்பதால் இரும்பணுக்களை ஒளிரச் செய்கிறது, இரும்பின் 6.40 அதேபோல் குரோமியத்தின் 5.99 விளிம்பைத் தாண்டி அதை ஒளிரச் செய்கிறது. எனவே நிக்கல் உள்ளதைவிடக் குறைவாகவும் குரோமியம் உள்ளதைவிட மிகுதியாகவும் தோன்றும். அணு எண், உட்கவர்வு, ஒளிர்வு என்ற மூன்று திருத்தங்களும் இதற்காகத்தான். ஆனால் அவை எல்லாமே மாதிரி மெருகேற்றப்பட்ட சமதளம் என்று கருதி எழுதப்பட்டவை. முறிவு முகம் மேடும் பள்ளமுமாக இருப்பது. கதிர் உணரியை நோக்கி வெளியேறும் வழியில் எவ்வளவு பொருளைக் கடந்தது என்பதை மென்பொருளால் அறிய முடியாது.

பிப்ரவரி 7

சுருக்கமாகத் தசம இலக்கங்களைப் பற்றி. அலுமினிய முகட்டில் 10,000 எண்ணிக்கை விழுந்திருந்தால், அதன் இயல்பான ஏற்ற இறக்கம் 100. அதாவது 1 சதவீதம். 11.36-இல் அது 0.11. கடைசி இலக்கம் அங்கேயே தன் பொருளை இழந்துவிடுகிறது. இது எண்ணிக்கையின் பிழை மட்டுமே. தரநிலை இல்லாக் கணக்கின் முறைசார் பிழை அதைவிடப் பன்மடங்கு பெரியது. ஒப்பீட்டளவில் 25 சதவீதம் வரை விலகலை எதிர்பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த நியூபரி, ரிச்சி ஆகியோரின் ஆய்வுகளை ஒட்டிப் பலரும் கைக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 9

4-ஆம் தேதி நான் சொன்ன 30 கிலோவோல்ட் சோதனையை மிகையான உறுதியோடு எழுதிவிட்டேன். திருத்துகிறேன். மின்னழுத்தம் உயர்ந்தால் எலக்ட்ரான்கள் புகும் ஆழமும் கூடும். கனாயா, ஒக்காயாமா வாய்பாட்டின்படி இரும்பில் 20 கிலோவோல்ட்டில் ஏறத்தாழ 1.6 மைக்ரோமீட்டராக இருக்கும் ஆழம், 30-இல் 3-ஐத் தாண்டிவிடுகிறது. எஃகிலேயே மாலிப்டினம் கலந்திருந்தால், 17.48-இல் எழும் முகடு துகளுக்கு அடியில் உள்ள எஃகிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆகவே முகடு தெரிந்தால் துகளில் மாலிப்டினம் உண்டு என்று முடிவு செய்ய இயலாது.

தெரியாவிட்டாலும் கவனம் வேண்டும். 0.45 மில்லிமீட்டர் தடிப்புள்ள சிலிக்கான் உணரியை, அந்த ஆற்றலுள்ள கதிர்களில் பாதியளவு ஊடுருவி மறுபுறம் சென்றுவிடும். மேலும் 30 என்பது 20 என்ற விளிம்புக்கு ஒன்றரை மடங்குதான். வரி வலுவாக எழ அது போதாது. நெடுநேரம் எண்ணிய பிறகும் ஒன்றும் எழாவிட்டால், துகளின் முதன்மைத் தனிமமாக மாலிப்டினம் இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லலாம். அதற்குமேல் சொல்லக்கூடாது.

பிப்ரவரி 10

மின்னோட்டத்தைக் கூட்டி மீண்டும் அளந்தபோது 2.97-இல் புதிய முகடு ஒன்று எழுந்ததாகவும், மென்பொருள் அதை ஆர்கான் என்று சொல்வதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஆர்கானின் கே-ஆல்ஃபா 2.96 என்பது உண்மையே. ஆனால் உங்கள் துகளில் அலுமினியம் இருக்கிறது, 1.486-ஐ இரட்டித்துப் பாருங்கள். இரண்டு அலுமினியக் கதிர்கள் ஒரே நொடித்துகளில் உணரிக்குள் விழுந்தால், கருவி அவற்றை 2.97 ஆற்றலுள்ள ஒரே கதிராக எண்ணிவிடும். மின்னோட்டத்தைப் பாதியாக்குங்கள்: உண்மையான முகடு பாதியாகும், கூட்டு முகடு கால் பங்காகும்.

வலுவான முகடுகளுக்குக் கீழே 1.74 இடைவெளியில் எழும் சிறு முகடும் இப்படிப்பட்டதே. உணரியின் சிலிக்கானிலிருந்து ஒரு கதிர் தப்பி வெளியேறும்போது, எஞ்சிய ஆற்றல் மட்டும் பதிவாவதால் அது வருகிறது. இரும்பின் 6.40-க்கு அது 4.66-இல் விழும்.

பிப்ரவரி 13

இன்று அட்டவணையை அணு விகிதமாக மாற்றிப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு எடைச் சதவீதத்தையும் அதன் அணு எடையால் வகுத்தால், அலுமினியம் 0.421, சிலிக்கான் 0.185, இரும்பு 1.10, ஆக்சிஜன் 1.13. அலுமினியம் முழுவதும் அலுமினாவாக இருக்க 0.63 ஆக்சிஜனும், சிலிக்கான் முழுவதும் சிலிக்காவாக இருக்க 0.37 ஆக்சிஜனும் வேண்டும். இவை இரண்டுமே 1.00-ஐ எடுத்துக்கொண்டன. இரும்புக்கு மிஞ்சியது 0.13 மட்டுமே. மிக எளிய இரும்பு ஆக்சைடாக இருந்தாலும் அதற்கு 1.10 வேண்டும். ஆகவே இந்த அட்டவணையில் உள்ள இரும்பில் மிகப் பெரும்பகுதி உலோக இரும்பு. அதாவது துகளுக்கு அடியிலும் பக்கத்திலும் உள்ள எஃகு. இரும்பும் அலுமினியமும் கலந்த ஆக்சைடு என்ற முடிவை உங்கள் எண்களே மறுக்கின்றன.

ஆழக் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. அலுமினாவில் 20 கிலோவோல்ட் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 2.7 மைக்ரோமீட்டர் வரை செல்லும். உங்கள் துகளின் அகலமோ 2. அதே அலுமினாவில் 10 கிலோவோல்ட்டில் ஆழம் ஏறத்தாழ 0.9 ஆகச் சுருங்கும். 10-இல் அளந்து பாருங்கள். அதற்கும் கீழே இறங்க வேண்டாம்: இரும்பின் கே விளிம்பு 7.11 என்பதால், 8 கிலோவோல்ட்டில் இரும்பு முகடு எப்படியும் மெலிந்துவிடும். அந்த மெலிவைத் துகளில் இரும்பு இல்லை என்பதற்கான சான்றாகக் கொள்ளும் தவறு எளிதில் நேரும்.

கார்பன் 3.95-ஐக் கணக்கிலிருந்து நீக்குங்கள். கற்றை நின்ற இடத்தில் நீரகக் கரிமங்கள் படிந்து கறுத்த சதுரமோ புள்ளியோ உருவாவதை நீங்களே படத்தில் பார்த்திருப்பீர்கள்.

பிப்ரவரி 14

நேற்றைய கணக்கைப் பற்றி ஒரு தயக்கம் இரவு முழுவதும் இருந்தது. ஆக்சிஜனின் வரி 0.525 கிலோ எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. மாதிரிக்குள்ளேயே அதில் கணிசமான பகுதி உட்கவரப்படுகிறது, 20 கிலோவோல்ட்டில் கதிர் ஆழத்தில் பிறப்பதால் இன்னும் மிகுதியாக. எனவே ஆக்சிஜன் 18.07 என்பது அட்டவணையிலேயே மிகவும் பலவீனமான எண். அது உண்மையில் 22 ஆக இருந்தால் இரும்புக்கு 0.37 ஆக்சிஜன் கிடைக்கும். அப்போதும் 1.10 தேவைக்கு அது மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் முடிவு மாறவில்லை. ஆனால் 0.13 என்ற எண்ணை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 18

10 கிலோவோல்ட் முடிவு வந்துவிட்டது. கார்பனை நீக்கியபின் ஆக்சிஜன் 44, அலுமினியம் 32, சிலிக்கான் 14, இரும்பு 10. இரும்பு 61-இலிருந்து 10-க்கு இறங்கியிருக்கிறது. அலுமினியத்துக்கும் சிலிக்கானுக்கும் இடையிலான விகிதம் மட்டும் பெரிதாக மாறவில்லை. முன்பு அணு விகிதத்தில் 2.3, இப்போது 2.4. துகளுக்குச் சொந்தமானவை எவை, சுற்றுப்புறத்துக்குச் சொந்தமானது எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு சோதனை தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

மீதமுள்ள 10 சதவீத இரும்பு எங்கிருந்து வருகிறது என்பது திறந்த கேள்வி. துகளிலிருந்து பின்னோக்கிச் சிதறும் எலக்ட்ரான்கள், முறிவு முகத்தின் பக்கத்து மேட்டில் மோதி இரும்பின் கதிரை எழுப்பக்கூடும். துகளின் ஓரம் மெலிந்திருந்தாலும் இப்படி வரும். துகளிலேயே சிறிதளவு இரும்பு கரைந்திருப்பதும் நடக்கக்கூடியதே.

பிப்ரவரி 19

விகிதம் 3-க்கு அருகில் இருப்பதால் இதை முல்லைட் என்று எழுதலாமா என்று வேறொருவர் கேட்கிறார். முல்லைட்டில் இரண்டு சிலிக்கானுக்கு ஆறு அலுமினியம் என்பது சரி. ஆனால் நம்மிடம் இருப்பது 2.3-க்கும் 2.4-க்கும் இடைப்பட்ட, பெரும்பிழை கொண்ட ஒரு விகிதம். அதோடு, எக்ஸ் கதிர் நுண்பகுப்பாய்வு எந்த அணுக்கள் எவ்வளவு உள்ளன என்று மட்டுமே சொல்லும். அவை எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று சொல்லாது. அலுமினாவும் கண்ணாடி நிலைச் சிலிக்கேட்டும் அருகருகே இருந்தாலும் இதே விகிதம் வரலாம். படிகப் பெயர் வேண்டுமென்றால், அணுக்களின் அடுக்கைக் காட்டும் எலக்ட்ரான் விளிம்பு விலகல் (டிஃப்ராக்ஷன்) ஆய்வு வேண்டும்.

பிப்ரவரி 22

அறிக்கைக்கான வாசகம் கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "முறிவு முகத்தில் காணப்பட்ட துகள், அலுமினியமும் சிலிக்கானும் முதன்மையாகக் கொண்ட ஆக்சைடு இன்குளூஷன். தரநிலை மாதிரி இல்லாத கணக்கின்படி, 10 கிலோவோல்ட்டில், அலுமினியத்துக்கும் சிலிக்கானுக்கும் உள்ள அணு விகிதம் ஏறத்தாழ 2.4. அளவிடப்பட்ட இரும்பின் பெரும்பகுதி சுற்றியுள்ள எஃகிலிருந்து வந்தது." இதற்கு அடியில் இரு மின்னழுத்தங்களின் நிறமாலைகளையும் ஒரே அளவுகோலில் வரைந்து சேர்த்துவிடுங்கள்; அட்டவணையைச் சேர்ப்பதானால் தசம இலக்கங்களை நீக்கிவிடுங்கள். மூலக் கோப்புகளைத் தனியாகச் சேமித்து வையுங்கள். என் மாங்கனீசு சல்பைடு தவறு திருத்தப்பட்டதற்குக் காரணம் அந்தக் கோப்பு அழிக்கப்படாமல் இருந்ததுதான்.

அதே உறுப்பின் வேறு பகுதியை வெட்டி, மெருகேற்றி, இதே வகைத் துகள் சிலவற்றை அலுமினாவும் குவார்ட்சும் தரநிலைகளாக வைத்து அளக்க முடிந்தால், அந்த 10 சதவீத இரும்புக்கும் விடை கிடைக்கும். அளந்ததும் விகிதங்களை இங்கே எழுதுங்கள், சமப்படுத்தாத கூட்டுத்தொகையோடு.